மூலக்கூறு நுண்ணுயிரியலுக்கு ஓர் உதவிப் பேராசிரியர்: நேர்காணலில் எதைச் சோதிப்பது?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். கோவைக்கு மேற்கே உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறைக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். மூலக்கூறு நுண்ணுயிரியலில் ஓர் உதவிப் பேராசிரியரை நிரந்தரப் பணியிடத்தில் அமர்த்த நிர்வாகம் ஒப்புதல் அளித்திருக்கிறது. விண்ணப்பங்களுக்குப் பஞ்சமிருக்காது. கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் என்று நம் பக்கத்துக் கல்லூரிகள் நுண்ணுயிரியலிலும் உயிரித் தொழில்நுட்பத்திலும் ஆண்டுதோறும் முதுகலைப் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. முனைவர் பட்டம் முடித்துவிட்டுத் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களும் நிறையப் பேர்.

என் கவலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பட்டம், ஆய்வுக் கட்டுரை, அனுபவம் ஆகியவற்றுக்கான மதிப்பெண் எல்லாம் நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதை முடிவு செய்வதோடு தீர்ந்துவிடுகின்றன. அதன் பிறகு தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலில் வெளிப்படும் திறமையைப் பொறுத்தது. ஆனால் நேர்காணலில் நடப்பது என்னவென்றால், ஆய்வேட்டின் தலைப்பைக் கேட்கிறோம், பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் முறை) என்றால் என்ன என்று கேட்கிறோம், அவரும் மூன்று படிநிலைகளை வெப்பநிலையோடு ஒப்பிக்கிறார், நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமரைத் தானே வடிவமைத்தவரையும், மாதிரியைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பிக் கட்டணம் கட்டி முடிவை வாங்கி ஆய்வேட்டில் ஒட்டியவரையும் இந்தக் கேள்விகளால் பிரித்தறிய முடியவில்லை. இந்த முறை வேறு விதமாகச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். தேர்வுக் குழுவில் இருந்தவர்களும், எதிர் நாற்காலியில் அமர்ந்தவர்களும் தங்கள் கருத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

சிறுவாணி எழுதியது:

ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். முதலில் அந்த மதிப்பெண் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கான பட்டியலில் முனைவர் பட்டத்துக்கு 30, இளநிலை ஆய்வு நிதியுடன் கூடிய நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சிக்கு 7, வெறும் நெட் தேர்ச்சிக்கு 5, ஸ்லெட், செட் எனப்படும் மாநிலத் தகுதித் தேர்வுக்கு 3. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. ஆசிரியப் பணியோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வோ, ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. ஆக, ஐந்து கட்டுரைகளோடு அந்தப் பத்தும் நிறைந்துவிடும். எந்த ஐந்து என்பதைப் பட்டியல் கேட்பதில்லை. ஆண்டுக் கணக்கில் உழைத்து ஒரே ஒரு நல்ல கட்டுரை எழுதியவருக்கு 2. மாதத்துக்கு ஒன்றாக அச்சிட்டுத் தள்ளியவருக்கு 10. ஏற்கத்தக்க ஆய்வு இதழ்களைக் குறிப்பிடும் தன் கேர் பட்டியலையும் மானியக் குழு 2025இல் கைவிட்டுவிட்ட நிலையில், இதழின் தரத்தை எடைபோடும் பொறுப்பு இப்போது முற்றிலும் நிறுவனத்தின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியருக்கு நெட், ஸ்லெட், செட் ஆகியவற்றுள் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று மானியக் குழு அறிவித்தது. ஆனாலும் மேற்சொன்ன பட்டியலில் முனைவர் பட்டம் இல்லாதவர் 30 மதிப்பெண் பின்தங்கியே தொடங்குகிறார். எனவே எத்தனை பேரை அழைக்கிறீர்கள் என்பது முக்கியம். ஓர் இடத்துக்கு ஐந்து பேரை மட்டும் அழைத்தால், நீங்கள் தேடும் ஆள் அந்த ஐவருக்குள் இல்லாமலே போகலாம்.

இன்னொன்று, துணைவேந்தர் நியமிக்கும் மூன்று பாட வல்லுநர்கள். நுண்ணுயிரியல் பேராசிரியர் என்ற பலகையை மட்டும் பார்த்து அழைத்தால், வாழ்நாள் முழுவதும் காளான் வளர்ப்பில் இருந்த பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்துவிடுவார். அவர் தம் துறையில் வல்லவர்தான். ஆனால் குளோனிங் பற்றி என்ன கேட்பார்? மூவரில் இருவராவது இன்றும் தம் மாணவர்களோடு ஆய்வகத்தில் நிற்பவர்களாக இருக்கும்படி பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் கட்டத்திலேயே வலியுறுத்துங்கள். கடிதம் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பவானிக்கூடல் எழுதியது:

எதிர் நாற்காலியில் பலமுறை அமர்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முனைவர் பட்டம் பெற்றுவிட்டேன், செட் தேர்ச்சியும் உண்டு, இப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் பணிபுரிகிறேன்.

சோதனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் சோதனை உண்மையானதா என்பதுதான் எங்கள் ஐயம். ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு, கோப்புக்காக எங்களை வரவழைத்த நேர்காணல்கள் உண்டு. அங்கே கேள்விகள் எல்லாம் சம்பிரதாயமாகவே இருக்கும். குழுவில் ஒருவர் தேநீரோடு செய்தித்தாளும் படிப்பார். ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், திருமணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது, கணவர் கோவைக்கு வருவாரா என்று மட்டும் விசாரித்து அனுப்பிய இடமும் உண்டு. ஆண் விண்ணப்பதாரரிடம் இவற்றைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பணியில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலக வேண்டுமானால் மூன்று மாதச் சம்பளம் கட்டு என்று சொல்வதும் நம் பகுதியில் புதிதல்ல.

எனவே, ஐயா, உங்கள் விளம்பரத்தில் சம்பளத்தை எழுதுங்கள். 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்ற சொற்றொடரைக் கண்டாலே நல்லவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். ஏழாவது ஊதியக் குழுவின் பத்தாம் நிலை, அதாவது 57,700 ரூபாய் அடிப்படை ஊதியம் என்றால் அதையே எழுதுங்கள். தொகுப்பூதியம் என்றால் அதையும் எழுதுங்கள். விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு. பல இடங்களில் அதற்கு மேல் சுமத்தி, சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராக மாணவர் பிடிக்கவும் அனுப்பிவிட்டு, ஆண்டு முடிவில் ஆய்வுக் கட்டுரை எங்கே என்று கேட்கிறார்கள். இதில் உங்கள் துறை எங்கே நிற்கிறது என்பதை நாங்களும் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

ஆனைமலை எழுதியது:

மேலே சகோதரி எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் இழையைத் தொடங்கியவரின் கேள்விக்கு வருகிறேன்: ஆய்வக மேசையில் உண்மையாக நின்றவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெற்றி பெற்ற சோதனையைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள். டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல் படங்களில், கெட்டுப்போன ஒன்றைக் கையில் கொடுங்கள். நான் பரிந்துரைக்கும் படம் இது: பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் மரபணுவை 27எஃப், 1492ஆர் என்ற வழக்கமான பிரைமர்களால் பெருக்கிய ஜெல். மாதிரிகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ 1,500 கார இணை நீளத்தில் பளிச்சென்ற பட்டை தெரிகிறது. டி.என்.ஏ. எதுவும் சேர்க்காமல் வெறும் நீர் விட்ட நெகட்டிவ் கன்ட்ரோலிலும் அதே உயரத்தில் மங்கலாக ஒரு பட்டை தெரிகிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

"கலப்படம், மறுபடியும் செய்வேன்" என்று சொல்லி நிறுத்துபவர் ஒரு வகை. நீரை மாற்றுவேன், பிரைமரைப் புதிதாக நீர்த்துக்கொள்வேன், பிப்பெட்டைத் துடைப்பேன், ஒவ்வொன்றாக மாற்றி எதில் பட்டை மறைகிறது என்று பார்ப்பேன் என்பவர் அடுத்த வகை. இவர் மேசையில் நின்றிருக்கிறார். மூன்றாவது வகையினர் பி.சி.ஆரில் எத்தனை சுழற்சி ஓட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். பி.சி.ஆரில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் டாக் நொதி, 1960களில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவுக்கு உரியதுதான் என்றாலும், இன்று குப்பியில் வருவது பெரும்பாலும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் உற்பத்தி செய்து பிரித்தெடுத்தது. அந்த ஈ. கோலையின் டி.என்.ஏ. துளியளவு நொதியோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடும். வேறு மரபணுவாக இருந்தால் அது வெளியே தெரியாது. எல்லாப் பாக்டீரியாவையும் பிடிக்கும் 16எஸ் பிரைமரைப் போட்டு 35, 40 சுழற்சி ஓட்டினால் அது பட்டையாக எழுந்து நிற்கும். சுழற்சியைக் குறைத்துப் பார்ப்பேன், அந்தப் பட்டையையே வரிசைப்படுத்தி யாருடையது என்று பார்ப்பேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் மேற்கொண்டு அதிகம் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக ஒரு கேள்வியும் வைத்துக்கொள்ளலாம். "16எஸ் வரிசை தரவுத் தளத்தில் 99.5 விழுக்காடு பொருந்துகிறது, எனவே இது பேசில்லஸ் சீரியஸ்" என்று எழுதிய ஒரு பத்தியைக் கொடுத்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். பேசில்லஸ் சீரியஸ், துரிஞ்சியென்சிஸ், ஆந்த்ராசிஸ் மூன்றையும் 16எஸ் வரிசையால் நம்பிப் பிரிக்க முடியாது. ஈ. கோலை, ஷிகெல்லா கதையும் அதுவே. துரிஞ்சியென்சிஸ் பூச்சிக்கொல்லியாக வயலில் தெளிக்கப்படுவது, ஆந்த்ராசிஸ் ஆந்த்ராக்ஸ் நோய்க் கிருமி. பெயர் மாறினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். நம் பகுதி ஆய்வேடுகளில் இப்படிப் பெயர் சூட்டப்பட்ட கிருமிகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் பொழுது போதாது.

சிறுவாணி எழுதியது:

ஆனைமலைத் தம்பி சொல்வது சுவையாக இருக்கிறது, ஆனால் இரண்டு தடைகள் எனக்குத் தெரிகின்றன. முதலாவது, அந்தியூரிலோ தாராபுரத்திலோ ஒரு சிறிய கல்லூரியில் படித்துவிட்டு, ஒரே ஒரு பி.சி.ஆர். கருவியை நான்கு துறைகள் பங்குபோட்டுக்கொண்ட ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றவருக்கு, நொதி எதில் உற்பத்தியாகிறது என்று சொல்லித்தர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தேசிய ஆய்வு நிறுவனத்தில் இருந்து வருபவர் அதைத் தேநீர் இடைவேளையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். நீங்கள் திறமையை அளக்கிறீர்களா, வாய்ப்பை அளக்கிறீர்களா?

இரண்டாவது, ஒருவருக்கு ஒரு படம், இன்னொருவருக்கு வேறு படம் என்று போனால் நாளை வழக்குக்கு இடமாகும். மானியக் குழு விதிமுறையே வகுப்பறைச் சூழலில் ஒரு கருத்துரையோ பாடமோ நிகழ்த்தச் சொல்லிக் கற்பிக்கும் திறனையும் ஆய்வு நாட்டத்தையும் மதிப்பிடலாம் என்று இடமளிக்கிறது. எனவே செய்யக் கூடாதது என்று இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே படம், ஒரே நேர அளவு, முன்பே எழுதிவைத்த மதிப்பீட்டுத் தாள், அழைப்புக் கடிதத்தில் இதைப் பற்றிய அறிவிப்பு ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

ஆனைமலை எழுதியது:

ஐயா, இரண்டாவதை அப்படியே ஏற்கிறேன். முதலாவதில் பாதியை ஏற்கிறேன். நொதியின் பிறப்பிடம் தெரியாததற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். வேண்டுமானால் அந்தத் தகவலைப் படத்தின் கீழேயே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். கொடுத்த பிறகு அவர் எந்த வரிசையில் யோசிக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். என் அனுபவத்தில், வசதி குறைந்த ஆய்வகத்தில் இருந்து வந்தவர்களே இதில் பெரும்பாலும் நன்றாகச் செய்கிறார்கள். கையில் இருந்த கொஞ்ச நொதியை வீணாக்க முடியாததால் ஒவ்வொரு குழாயையும் எண்ணிப் பார்த்துச் செய்தவர்கள் அவர்கள். எல்லாம் கலந்து தயாராக வரும் தொகுப்புப் பெட்டியைப் (கிட்) பிரித்துக் கையேட்டின்படி ஊற்றியவர்தான் பட்டை தவறினால் திகைக்கிறார்.

நான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வேர்வாடல் நோயில் வேலை செய்கிறவன். அதற்குக் காரணமான ஃபைட்டோபிளாஸ்மா என்ற நோய்க் கிருமியை வளர்ப்புத் தட்டில் வளர்க்கவே முடியாது. மரத்தில் அதன் அளவும் மிகக் குறைவு. எனவே ஒரு பி.சி.ஆரின் விளைபொருளை எடுத்து அதன் மேல் இன்னொரு பி.சி.ஆர். ஓட்ட வேண்டியிருக்கிறது. முதல் குழாயைத் திறக்கும்போது காற்றில் எழும் துளி இரண்டாவதில் விழுந்தால், நோயில்லாத மரமும் நோய் மரமாகிவிடும். அந்த முடிவை நம்பி ஒரு விவசாயி காய்க்கும் மரத்தை வெட்டுவார். நெகட்டிவ் கன்ட்ரோலைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

முட்டைநகர் வாசகர் எழுதியது:

நாமக்கல்லில் கால்நடை நுண்ணுயிரியல் பக்கம் இருப்பவன். ஆய்வுத் திட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் நுழைகிறேன்.

"வருங்காலத்தில் என்ன ஆய்வு செய்வீர்கள்" என்று கேட்டால், கொங்குப் பகுதியில் பத்துக்கு ஏழு பேர் சாயக் கழிவை நிறம் நீக்கும் பாக்டீரியா என்பார்கள். (திருப்பூர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். நொய்யலின் துயரம் உண்மை. ஆனால் தட்டில் ஒரு சாயத்தை ஊற்றி நிறம் போனதைப் படமெடுப்பதோடு பல ஆய்வேடுகள் முடிந்துவிடுகின்றன.) அதைவிட, கோழிப் பண்ணைகளின் மருந்தெதிர்ப்பு பற்றி ஒருவர் பேசினால் அவரை ஆழமாகச் சோதிக்க முடியும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது. அதற்கு எதிர்ப்புத் திறன் தரும் எம்.சி.ஆர்.-1 மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தின் மேல் அமர்ந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்பது 2015இல் சீனாவில் இருந்து வந்த ஆய்வில் வெளிப்பட்டது. இதைச் சொல்கிறவரிடம், கொலிஸ்டின் எதிர்ப்பை வட்டில் முறையில் (மருந்து தோய்த்த வட்டுகளைக் கிருமி வளரும் அகார் கூழின் மேல் வைத்துப் பார்க்கும் முறை) சோதிப்பீர்களா என்று கேளுங்கள். அந்த மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. எனவே திரவ ஊடகத்தில் நீர்த்துச் சோதிக்கும் முறையே நம்பத்தக்கது. வட்டில் முறை என்று சொன்னால், அவர் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்திருக்கிறார்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு கேள்வி அவசியம். கிடைமட்ட லாமினார் ஏர்ஃப்ளோ மேசை மாதிரியைக் காக்கும். ஆனால் அந்தக் காற்று நேராக வேலை செய்பவரின் முகத்துக்கு வருகிறது. நோய்க் கிருமிக்கு வேண்டியது இரண்டாம் வகுப்புப் பயோசேஃப்டி கேபினெட். இரண்டும் கண்ணாடிப் பெட்டிதானே என்று எண்ணுபவர் கையில் மாணவர்களை ஒப்படைக்கக் கூடாது. மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாள நிறுவன உயிர்ப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தக் குழு கூடுகிறதா என்று விண்ணப்பதாரர் உங்களைத் திருப்பிக் கேட்டால் மகிழுங்கள்.

பவானிக்கூடல் எழுதியது:

எல்லோரும் ஆய்வகத்தையே பேசுகிறீர்கள். இந்தப் பணிக்கு வருபவர் வாரத்தில் பெரும்பகுதி வகுப்பில்தான் நிற்கப் போகிறார்.

மாதிரி வகுப்பு என்ற பெயரில் குழு உறுப்பினர்கள் நால்வரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் படக்காட்சி ஓட்டச் சொல்லாதீர்கள். இரண்டாமாண்டு மாணவர்களை உட்கார வையுங்கள். அவர்களில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் இருந்து வந்தவர்களும் இருக்கட்டும். கரும்பலகையில் லாக் ஓப்பரானை (லாக்டோஸ் சர்க்கரையை உள்ளே விடும் பெர்மியேஸ் புரதத்தையும் அதை உடைக்கும் நொதியையும் உருவாக்கும் பாக்டீரிய மரபணுத் தொகுதி) நடத்தச் சொல்லுங்கள். என் வகுப்பில் கோபியிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: "லாக்டோஸ் உள்ளே போக பெர்மியேஸ் வேண்டும், பெர்மியேஸ் உருவாக லாக்டோஸ் உள்ளே போக வேண்டும் என்றால், முதல் லாக்டோஸ் எப்படி மேடம் உள்ளே போனது?" அடக்கி வைக்கப்பட்ட நிலையிலும் அந்த ஓப்பரான் மிகச் சிறிதளவு கசிந்துகொண்டே இருக்கிறது, அந்தக் கசிவில் உருவான சில பெர்மியேஸ் மூலக்கூறுகளே முதல் லாக்டோஸை உள்ளே விடுகின்றன என்பது விடை. பாடநூலை மனப்பாடம் செய்தவர் இந்தக் கேள்வி வந்தால் "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்பார். புரிந்தவர் அந்த மாணவியை எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பச் சொல்ல வைப்பார். நேர்காணலில் இப்படி ஒரு கேள்வியை ஒரு மாணவரே கேட்கும்படி ஏற்பாடு செய்யலாம். எல்லா விண்ணப்பதாரருக்கும் அதே கேள்வி.

ஆங்கிலத்தில் தொடங்கி, மாணவர் விழிப்பதைக் கண்டதும் தமிழுக்கு மாறி, சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் நிறுத்திச் சொல்கிறாரா என்பதையும் பாருங்கள். சிலர் உச்சரிப்பைக் கேட்டே குழு மயங்கிவிடுகிறது.

ஊத்துக்குளி எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, ஒரு துறையின் ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறீர்கள். வந்தவர் எதை வைத்து வேலை செய்வார்? மைனஸ் 80 பாகை உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா? எங்கள் இடத்தில் விடுமுறை நாளில் மின்சாரம் போய், ஒரு மாணவரின் பிளாஸ்மிட் சேகரிப்பு முழுவதும் கெட்டது. புதிதாக வந்த உதவிப் பேராசிரியர் ஒருவர், பிரைமர் வாங்குவதற்கான கோப்பு மூன்று மேசைகளைக் கடந்து வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டதைக் கண்டு மறு ஆண்டே கிளம்பிவிட்டார். தொடக்க ஆய்வு நிதி என்று ஒரு சிறு தொகையாவது நியமன ஆணையிலேயே எழுதித் தாருங்கள். விண்ணப்பதாரர்களை ஆய்வகத்துக்குள் அழைத்துச் சென்று காட்டவும் செய்யுங்கள். அவர்கள் எந்தக் கருவியின் முன் நின்று என்ன கேட்கிறார்கள் என்பதைப் பின்னால் நிற்கும் எங்களிடம் கேட்டால் நாங்களும் சொல்வோம். இதுவரை எந்தக் குழுவும் கேட்டதில்லை.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நிர்வாகத்திடம் பேசிவிட்டு எழுதுகிறேன். ஊதிய நிலையையும் 16 மணி நேர வகுப்பையும் விளம்பரத்தில் அச்சிட ஒப்புக்கொண்டார்கள். அசல் சான்றிதழ்கள் சரிபார்த்த அன்றே திருப்பித் தரப்படும் என்ற வரியைச் சேர்க்கச் சற்று வாதாட வேண்டியிருந்தது, சேர்த்தாயிற்று. அழைக்கப்படுவோர் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். காலையில் மாணவர்கள் முன் கரும்பலகை வகுப்பு, அதன் பின் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்ப்பது, பிற்பகலில் ஜெல் படமும் ஆய்வுத் திட்டமும் என்று வகுத்திருக்கிறேன். ஒருவருக்கு இருபது நிமிடம் என்பது ஒரு முழு நாளாகிறது. வெளி வல்லுநர்கள் இரண்டு நாள் தங்குவார்களா என்பதே இப்போது சிக்கல். குடும்பம் பற்றிய கேள்விகள் கூடாது என்பதை மதிப்பீட்டுத் தாளின் முதல் வரியாகவே அச்சிட்டுவிட்டேன், பெரியவர்கள் முகம் சுளித்தாலும் சரி.

தொடக்க நிதிக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. "முதலில் ஆள் வரட்டும்" என்கிறார்கள். ஊத்துக்குளி அன்பர் சொன்ன உறைபெட்டிக் கதையை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஆனைமலை அவர்களே, அந்த நெகட்டிவ் கன்ட்ரோல் படம் ஒன்று கிடைக்குமா? எங்கள் மாணவர்கள் யாரும் அப்படிப்பட்ட படத்தைச் சேமித்து வைப்பதில்லை.

ஆனைமலை எழுதியது:

இரண்டு படங்கள் இருக்கின்றன. சுழற்சி எண்ணிக்கை, நொதியின் வகை, டி.என்.ஏ. அளவு மூன்றையும் எழுதித் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஒன்றை நேர்காணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றொன்றை வல்லுநர்களுக்கு முந்தைய நாளே காட்டிவிடுங்கள்.